அக்காவின் மூன்றாம் இலக்கம்

1

நான் கனடாவுக்கு வந்து இந்தப் புரட்டாதியுடன் ஒன்பது வருடம். அதைக் கொண்டாடுவதற்கு வேறு வழி தெரியாமல் என் அக்காவை ஏறக்குறைய ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பரமேஸ் அக்காவைத் தெரிந்தவர்கள் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். வல்வெட்டித்துறைப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு இருபது வருடமாகக் கணக்குப் படிப்பித்தவர். கிளாலிக் கரையில் வள்ளம் ஏறி, வவுனியாவில் ஆமி தரும் பயணப் பாஸுக்காக ஐந்து நாள் காத்திருந்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் வந்து நின்றார். வியாழக்கிழமை காலை கனடா விசாவுக்கு நேர்முகம். செவ்வாய்க்கிழமை நான் போன் எடுத்து, போக வேண்டாம் என்று சொன்னேன். அந்தத் திகதியைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. கொழும்பில் தங்கப் பொலிசில் பதிந்து தந்த நாட்களோ ஒரு கிழமைதான்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு சதுர அடைப்புக்குறி. ஊரில் கடதாசித் தட்டுப்பாட்டால் கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகும் உங்கள் பத்திரிகையில் இடம் எவ்வளவு அருமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முழுவதையும் சொல்லாவிட்டால் பாதிக் கதை வேறு வாயால் ஊருக்கு வந்து சேரும். அந்த வாய்கள் என்னைவிடக் கெட்டிக்கார வாய்கள்.

2

ஸ்காபரோவில் வாகன உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் எனக்கு வேலை. ஊருக்கு எழுதும்போது ‘கொம்பியூட்டர் வேலை’ என்று எழுதினேன். பொய்யில்லை. காலையில் பெட்டி தூக்குவது, பின்னேரம் தூக்கிய பெட்டிகளின் நம்பரைக் கொம்பியூட்டரில் தட்டுவது. முதுகு வலி காலையில் வரும், கண் வலி பின்னேரம் வரும். முழு மனிதனுக்கும் வேலை.

அங்கே ஒவ்வொரு சாமானுக்கும் எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு நம்பர் உண்டு. HL4410R என்றால், HL முன்விளக்கு, 4410 வண்டியின் இனம், R வலப்பக்கம். ஆனால் ஒருவர் இடையில் கோடு போடுவார், ஒருவர் சின்ன எழுத்தில் அடிப்பார், இன்னொருவர் பூச்சியத்துக்குப் பதிலாக O என்ற எழுத்தை அடித்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். இதைத் துப்புரவாக்குகிறவர் லாஸ்லோ. ஹங்கேரிக்காரர். எங்களைப் போல அவரும் நாட்டைவிட்டு ஓடி வந்தவர்தான், முப்பத்தெட்டு வருடம் முந்தி ஓடிவந்தார் என்பதுதான் வித்தியாசம். அதனால் மூச்சு வாங்குவது நின்றிருந்தது.

ஒரு நாள் அவருடைய திரையில் [A-Z][A-Z][0-9][0-9][0-9][0-9][LR] என்று ஒரு வரி கிடந்தது. கொம்பியூட்டருக்கு வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, இதற்குப் பெயர் றெகுலர் எக்ஸ்பிறெஷன் என்றார்.

எனக்கு விளங்கியது இப்படி. ஒருவனைப் பெயர் சொல்லித் தேடலாம். அல்லது ‘ஆள் நெட்டை, கறுவல், மீசை இல்லை’ என்று சாயல் சொல்லித் தேடலாம். இது சாயல் சொல்லித் தேடுவது. [0-9] என்ற பெட்டிக்குள் ஏதாவது ஓர் இலக்கம் வரலாம். [LR] என்ற பெட்டிக்குள் L வரலாம், R வரலாம், வேறு எவரும் வரக்கூடாது. இப்படி வரிசையாகப் பெட்டிகளை அடுக்கினால், அந்தச் சாயலில் உள்ள நம்பர்கள் எல்லாம் ஓடி வரும், சாயல் பிசகியவை பிடிபடும்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது. கனடாவின் தபால் குறியீட்டைப் பார்த்தேன்: எழுத்து, இலக்கம், எழுத்து, இடைவெளி, இலக்கம், எழுத்து, இலக்கம். பரதநாட்டியக்காரி கால் மாற்றுவது போல மாறி மாறி வருகிறது. ஒன்பது வருடமாக அதைக் கடித உறையில் எழுதி வருகிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. எங்கள் ஊர்க் கார்களை நினைத்தேன். இலக்கம், நடுவில் சிங்கள ஸ்ரீ, பிறகு நான்கு இலக்கம். அந்த நடு எழுத்துக்காக ஒரு காலத்தில் நாடே அடிபட்டது. லாஸ்லோவிடம் சொன்னேன். “ஓர் எழுத்துக்கா?” என்று கேட்டார். பிறகு அவரே, “எங்கள் கொடியின் நடுவில் இருந்த சின்னத்தை நாங்கள் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தோம்” என்றார். இருவரும் திரும்ப முன்விளக்குகளை எண்ணப் போனோம்.

மகள் அபியிடமும் இதைச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு எட்டு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், நான் ஆங்கிலத்தில் கேட்டால் பதிலே சொல்லமாட்டாள், என் ஆங்கிலத்துக்கு அவள் தரும் மரியாதை அது. தபால் குறியீட்டின் அழகைப் பத்து நிமிடம் விளக்கினேன். முடித்ததும், பெரியமாமி, அதாவது என் அக்கா, வந்தால் தன் அறையிலா படுப்பார் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் இரண்டே அறை. நான் தபால் குறியீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டேன்.

3

எழுத்தும் இலக்கமும் கலந்த நம்பர் என்றால் எங்களுக்கெல்லாம் மனப்பாடமானது ஒன்றுதான். அடையாள அட்டை நம்பர். ஒன்பது இலக்கம், கடைசியில் V அல்லது X. V என்றால் வாக்குப் போடலாம் என்று ஊரில் சொல்வார்கள். என்னுடையது V. நான் இதுவரை வாக்குப் போட்டு வென்ற ஒரே ஆள் இங்கே கனடாவில் உள்ள எங்கள் ஊர்ச் சங்கத்தின் உப பொருளாளர்.

எண்பத்து நான்கில் ஒரு காலை, பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். நானும் அக்காவும் வரிசையில் நின்றோம். ஆமிக்காரன் என் அட்டையை வாங்கிப் பெயர் என்ன என்று கேட்டான். கேட்டது நன்றாக விளங்கியது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது அட்டை நம்பர். ஒன்பது இலக்கமும் எழுத்தும், ஒரு தடுக்கல் இல்லாமல். அவன் திரும்பவும் பெயரைக் கேட்டான். நான் திரும்பவும் நம்பரைச் சொன்னேன், இம்முறை கொஞ்சம் உரத்து. அவன் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரியாக இருக்கிறது என்று தலையாட்டி விட்டுவிட்டான்.

பஸ்ஸில் ஏறியதும் அக்கா காதுக்குள் சொன்னார்: “கலியாண எழுத்திலை பேர் கேட்டாலும் உதையே சொல்லிப்போடாதை. பொம்பிளை வீட்டுக்காரர் பயந்துபோவினம்.”

பயம் வந்தால் என் தலைக்குள் மனிதர்கள் எல்லாம் வெளியே போய்விடுவார்கள், நம்பர்கள் மட்டும் நிற்கும். இதை நான் அன்றே படித்திருக்க வேண்டும்.

4

இந்த வருடம் எங்கள் சங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஊரில் காத்திருக்கும் உறவினர்களின் விண்ணப்பங்கள் தாமதமாவதைப் பற்றி ஒரு வழக்கறிஞர் மூலம் மனுக் கொடுப்பது. அதற்கு எல்லாருடைய அடையாள அட்டை நம்பரும் வேண்டும். சிலர் கடிதத்தில் எழுதினார்கள், சிலர் கொழும்பிலிருந்து பக்ஸ் (fax) அனுப்பினார்கள், சிலர் போனில் கத்தினார்கள். நூற்றுப் பதினெட்டு நம்பர். பிழை திருத்த யார் என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. அன்றே வெட்டி எடுத்திருக்க வேண்டிய கை.

திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் லாஸ்லோவின் கொம்பியூட்டரில் நம்பர்களை மட்டும் வரிசையாக அடித்தேன். [0-9] என்பதை ஒன்பது தடவை எழுதி, கடைசியில் [VX] போட்டேன். ஏழு நம்பர் பிடிபட்டன. ஒன்றில் எட்டு இலக்கம்தான், இன்னொன்றில் V க்குப் பதிலாக Y. பக்ஸைப் பார்த்துத் திருத்தினேன். அந்த வெற்றியோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

என் சொந்த நம்பரைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு இலக்கம் 52, நான் பிறந்த வருடம். அது எல்லாருக்கும் தெரிந்தது. அடுத்த மூன்றும் 196. இது என்ன? சுவரில் தொங்கிய களஞ்சியக் கலண்டரில் ஒவ்வொரு திகதிக்கும் மூலையில் வருடத்தின் எத்தனையாவது நாள் என்று பொடி எழுத்தில் இருக்கும். என் பிறந்தநாளான ஜூலை 14க்கு 195 என்றிருந்தது. ஒன்று உதைத்தது. “ஐம்பத்திரண்டு லீப் வருடம்” என்றார் லாஸ்லோ, சாண்ட்விச்சைக் கடித்தபடி. ஆகவே 196! சங்கச் செயலாளர் ஜனவரி 20, அவருடைய நம்பரில் 020. என் மச்சான் ஒருவன் பெப்ரவரி 3, அவனுடையதில் 034.

இத்தனை வருடம் பொக்கற்றில் என் பிறந்தநாளைக் காவிக்கொண்டு திரிந்திருக்கிறேன். சோதனைச் சாவடியில் நம்பரைச் சொன்னபோது என் சாதகத்தில் பாதியை அந்த ஆமிக்காரனுக்கு ஒப்புவித்திருக்கிறேன். அந்தச் சந்தோசத்தில் எனக்குப் பசிக்கவில்லை.

ஒரு வருடத்தில் 366 நாளுக்கு மேல் இல்லை. ஆகவே மூன்றாவது இலக்கம் 0, 1, 2, 3 இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். மூன்றாவது பெட்டியை மட்டும் [0-3] என்று மாற்றினேன்.

“முதலில் சரியென்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு கட்டு நம்பரில் ஓட்டிப் பார்” என்றார் லாஸ்லோ.

“மூன்றில் பார்த்துவிட்டேன்” என்றேன்.

பொத்தானை அழுத்தினேன். நூற்றுப் பதினெட்டில் ஐம்பத்தொன்று பிழை.

5

ஐம்பத்தொரு பேர்! ஊரில் பாதிப்பேர் கள்ள அட்டையா? பிழையான நம்பர்கள் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. அதில் ஒன்றை உடனே அடையாளம் கண்டேன். 48 என்று தொடங்கி, அடுத்து 813. அக்காவின் நம்பர். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய விண்ணப்பத்தில் என் கையால் நிரப்பிய அதே நம்பர்.

எண்ணூற்றுப் பதின்மூன்றாம் நாள்! நாற்பத்தெட்டு ஜனவரியிலிருந்து எண்ணினால் ஐம்பதாம் ஆண்டு பங்குனி வருகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டிக் குறைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம்தான். ஆனால் இரண்டு வருடத்தை ஒரே வருடத்துக்குள் திணிக்க வயதை எழுதிக்கொடுக்கும் எந்த விதானையாராலும் முடியாது. ஆகவே நான்தான் பிழையாக எழுதியிருக்கிறேன். விண்ணப்பத்தில் பிழையான நம்பர். அதிகாரி அட்டையையும் படிவத்தையும் ஒப்பிடுவார். பொய்த் தகவல் என்று சிவப்பு மையில் எழுதுவார். அக்கா வாழ்நாளில் இங்கே வரமுடியாது. என்னையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். என் வேலை போகும். பனிக்காலம் வேறு வருகிறது. இவ்வளவும் நான் களஞ்சியத்திலிருந்து பஸ் தரிப்புக்கு நடந்த தூரத்துக்குள் நடந்து முடிந்தது.

செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கொழும்புக்கு எடுத்தேன். அங்கே பின்னேரம். லொட்ஜ் மனேச்சர் எங்கள் பக்கத்து மனிதர்.

“ஆர் கதைக்கிறது?”

“கனடாவிலையிருந்து. பரமேஸ் ரீச்சரின்ரை தம்பி. அவ நிக்கிறாவோ?”

“ரீச்சர் கோயிலுக்குப் போட்டா. என்ன விசயம், சொல்லுங்கோ, எழுதிக் குடுக்கிறன்.”

“அண்ணை, வடிவா எழுதுங்கோ. அக்காவின்ரை அடையாள அட்டை நம்பர் பிழை. எண்ணூத்திப் பதின்மூண்டு எண்டு வரேலாது. வருசத்திலை அவ்வளவு நாள் இல்லை. நேர்முகத்துக்குப் போகவேண்டாம். நான் இஞ்சை லோயரோடை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்.”

பேனை கீறும் சத்தம் கேட்டது.

“தம்பி, வருசத்திலை எண்ணூறு நாள் இல்லையெண்டதையும் எழுதவோ?”

“ஓம், அதையும் எழுதுங்கோ.”

“உங்கை குளிர் தொடங்கிட்டுதோ?” என்று கேட்டுவிட்டு வைத்தார்.

6

புதன் காலை. மனைவி சறோ தொழிற்சாலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தாள். நான் சங்கத்தின் கையெழுத்துப் பட்டியலை மேசையில் விரித்து, பிழையான ஐம்பத்தொரு நம்பருக்கும் உரிய பெயர்களைத் தேடிக் கோடிட்டுக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் அறிவிக்க வேண்டுமே.

“என்னப்பா, முகம் பேயறைஞ்ச மாதிரி?”

சொன்னேன். தலைவாரிக்கொண்டே கேட்டாள்.

“பிழையெண்டு வந்த ஆக்கள் ஆர் ஆர்? வாசியுங்கோ பாப்பம்.”

“செல்லம்மா. இராசமணி. யோகேஸ்வரி. தங்கரத்தினம் ரீச்சர். புவனேஸ்வரி. இன்னொரு இராசமணி…”

“நிப்பாட்டுங்கோ.” சீப்பு நின்றது. “ஒரு ஆம்பிளையின்ரை பேரைச் சொல்லுங்கோ.”

பட்டியலில் விரலை ஓட்டினேன். ஓட்டினேன். கடைசிவரை ஓட்டினேன்.

சறோ அலுமாரியைத் திறந்து தன் பழைய அட்டையை எடுத்து மேசையில் போட்டாள். 57, அடுத்து 620. அவளுடைய பிறந்தநாள் ஏப்ரல் கடைசி என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு தடவை மறந்து பட்டிருக்கிறேன். 620இல் ஐந்நூறைக் கழித்தேன். 120. கலண்டரில் பார்த்தால் ஏப்ரலும் மேயும் முட்டும் இடம்.

பெண்களுக்கு ஐந்நூறு கூட்டிப் போடுகிறார்கள்! எவ்வளவு கெட்டித்தனம். ஒரே இலக்கத்துக்குள் ஆணா பெண்ணா என்பதையும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஒரு கணம் எனக்கு எல்லாம் மறந்துபோனது. மூன்றாவது பெட்டி [0-3] அல்ல, [0-35-8], அதாவது 0 முதல் 3 வரை அல்லது 5 முதல் 8 வரை. நான்கும் ஒன்பதும் மட்டும் வெளியே!

“சறோ, உது எவ்வளவு வடிவான விசயம் தெரியுமோ?”

“வடிவைப் பிறகு பாருங்கோ. மூண்டு ஆம்பிளையளைப் பாத்துப்போட்டு ஊரிலை இருக்கிற பொம்பிளையள் எல்லாரும் பிழையெண்டு சொல்லியிருக்கிறியள். முதல் மச்சாளுக்குப் போன் எடுங்கோ!”

எடுத்தேன். மூன்று தடவை சுற்றி நான்காம் தடவை மணி அடித்தது.

“ரீச்சரோ?” என்றார் மனேச்சர். “அவ மத்தியானமே அறையை விட்டிட்டா. பெட்டியையும் கொண்டுதான் போனவ.”

“எங்கை போறன் எண்டு சொன்னவவோ?”

“ஒண்டும் சொல்லேல்லை. உங்கடை துண்டைக் குடுத்தனான். ரெண்டு தரம் வாசிச்சவ. பிறகு ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. காலமை சாப்பிடவும் இல்லை.”

7

அன்று வேலைக்குப் போனேன். இடப்பக்கக் கண்ணாடிகளை வலப்பக்கத் தட்டில் அடுக்கினேன். லாஸ்லோ பின்னால் வந்து மாற்றி அடுக்கினார். என்ன நடந்தது என்று என் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “உன் விதி பிழையில்லை” என்றார். “பாதி ஊருக்குச் சரி.” ஆறுதல் சொல்வதில் ஹங்கேரிக்காரர்கள் எங்களவரைப் போலத்தான்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: அக்கா வவுனியாவுக்கு ரயில் ஏறியிருப்பார். திரும்பவும் பாஸ், திரும்பவும் வள்ளம். நேர்முகம் போய்விட்டது. ஊரில் அவருக்குத் தகவல் சொல்ல ஒரு போன்கூட இல்லை. கடிதம் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகலாம். அந்த இரண்டு மாதமும் அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார்? அந்தக் கேள்வியை நான் அன்று முழுவதும் பக்கத்தில் வரவிடவில்லை.

வியாழன் காலை ஏழரைக்கு மணி அடித்தது. இலங்கையிலிருந்து அழைப்பு, அதற்குப் பணம் நீங்கள் கட்டுவீர்களா என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்குரல் கேட்டது. ஓம், ஓம் என்று தமிழில் கத்தினேன். விளங்கிக்கொண்டாள்.

“தம்பி, நான்தான்.”

“அக்கா! எங்கை நிக்கிறியள்? வவுனியாவோ?”

“கொழும்பிலைதான், கொட்டாஞ்சேனை. என்னோடை படிப்பிச்ச விமலா வீட்டை. நேர்முகம் முடிஞ்சுது. மெடிக்கல் எடுக்கச் சொல்லித் துண்டு தந்திருக்கினம்.”

நான் கதிரையைத் தேடி நிலத்தில் இருந்தேன். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். பெட்டி, அடைப்புக்குறி, கலண்டர், ஐந்நூறு. அக்கா மறிக்காமல் கேட்டார்.

“முடிஞ்சுதோ? ஐந்நூறு கூட்டுறது எங்கடை பத்தாம் வகுப்புப் பெட்டையளுக்குக்கூடத் தெரியும். வருசா வருசம் அவளவையின்ரை அட்டை விண்ணப்பம் நிரப்பினது ஆர்? நான்தானே.”

“அப்ப ஏன் அக்கா லொட்ஜை விட்டுப் போனனியள்?”

“அதுதானே தம்பி கதை.” குரல் தணிந்தது. “நம்பர் சரியெண்டு எனக்குத் தெரியும். சரியான நம்பரைப் பிழையெண்டு சொல்லி, நீ போகாதை எண்டிறாய். அப்ப நான் என்னெண்டு நினைக்கிறது? தம்பிக்கு நான் வாறது பாரமாக்கும். பிள்ளைக்கு அறை காணாதாக்கும். வாய்திறந்து சொல்ல வெக்கப்பட்டு நம்பரிலை பழியைப் போடுறான் எண்டு நினைச்சன். பெட்டியைக் கட்டிக்கொண்டு கோட்டை ஸ்ரேசனுக்குப் போட்டன். வவுனியாவுக்கு ரிக்கற்றும் எடுத்தாச்சு.”

அபியின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. எனக்கு எதற்கும் ஒரு பகிடி வரும். ஆமி மறித்த கதையைக்கூடப் பகிடியாகத்தான் சொல்லிவந்தேன். அன்று காலை ஒன்றும் வரவில்லை.

“பிறகு?” என்றேன்.

“வாங்கிலை இருந்து யோசிச்சன். உன்ரை வாய் எனக்குத் தெரியாதோ? சாட்டுச் சொல்ல வெளிக்கிட்டால் வேலை போட்டுது எண்டு சொல்லுவாய், வீடு மாறுறம் எண்டு சொல்லுவாய், கேக்கிறவைக்குக் கண்ணீர் வரும். அக்கா எண்ணூத்திப் பதின்மூண்டாம் நாள் பிறந்தவ எண்டு ஒருத்தன் பொய் சொல்லமாட்டான். இவ்வளவு மொக்குத்தனமெண்டால் அது உண்மையாத்தான் இருக்கும். ரிக்கற்றைத் திருப்பிக் குடுத்திட்டு எழும்பி வந்திட்டன்.”

போனை வைத்தேன். சறோ ஒரு சப்பாத்தைப் போட்டு மற்றதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

“என்னவாம்?”

“நான் மொக்கன் எண்டு அக்கா நம்பிட்டா.”

“அப்பாடா!” என்று சறோ சுவரில் சாய்ந்தாள்.